மலையிறங்கி வரும் சாலையில் ஊர் வரவேற்புப் பலகை: அளவு, எழுத்து, அஸ்திவாரம் பற்றி விவரம் வேண்டும்

ஊர்ப்பொது_புளியரை:

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். கேரளத்திலிருந்து கோட்டைவாசல் எல்லையைத் தாண்டி, புளியரை வழியாகச் செங்கோட்டைக்கு இறங்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஊர் எல்லையில் ஒரு வரவேற்புப் பலகை வைக்க ஊராட்சியில் முடிவாகியிருக்கிறது. ஆரியங்காவு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுகிற தமிழ் ஊர்களில் இதுவும் ஒன்று. அதனால் பார்க்க லட்சணமாகவும் இருக்க வேண்டும், நிலைத்தும் நிற்க வேண்டும்.

இப்போது அங்கே நிற்பது ஃப்ளெக்ஸ் இழுத்துக் கட்டிய இரும்புச் சட்டம். ஆனி, ஆடிக் காற்றும் சாரலும் சேர்ந்து அடித்ததில் ஓரமெல்லாம் கிழிந்து, ஒரு கால் சாய்ந்துவிட்டது. இரவில் எழுத்தே தெரியாது.

எட்டுக்கு நாலடி போதுமா, பத்துக்கு ஐந்து வேண்டுமா? இரும்புத் தகடா, ஏ.சி.பி. ஷீட்டா (நடுவே பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் அலுமினியத் தோல்)? ரேடியம் ஸ்டிக்கரில் எந்த ரகம்? எத்தனை அடி தோண்ட வேண்டும்? தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத வேண்டும் என்கிறார்கள். இடத்துக்கு ஒரு பக்கம் வயல். களிமண், மழைக்குத் தண்ணீர் நிற்கும். பத்து வருஷம் நிற்க வேண்டும், அதுதான் எங்களுக்கு முக்கியம்.

சாலைக்கணக்கு_நெல்லை:

முதலில் இடத்தை முடிவு பண்ணுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். தேசிய நெடுஞ்சாலை நிலத்தில் அனுமதி இல்லாமல் எதை நட்டாலும் அது ஆக்கிரமிப்பு. 2002-ஆம் வருஷத்து தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம், போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டப்படி எடுத்துவிடலாம். உங்கள் பகுதிச் சாலை நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் இருந்தால் திட்ட இயக்குநருக்கும், மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்த்துக்கொண்டால் அதன் கோட்டப் பொறியாளருக்கும் எழுத வேண்டும். ஊராட்சித் தீர்மான நகல், பலகையின் வரைபடம், இடத்தைக் குறித்த புலப்படம் மூன்றையும் மனுவோடு வையுங்கள். புலப்படத்தில் சாலையின் எல்லைக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். சாலை அகலமானால் பலகைக்கு என்ன ஆகும் என்பதும் அதிலேயே விளங்கும்.

எல்லைக்கல்லை ஒட்டி வெளியே ஊராட்சிப் புறம்போக்கு இருந்தால் அங்கே நடுவது நல்லது. பலகை கொஞ்சம் தள்ளிப்போனாலும் எழுத்தைப் பெரிதாக்கிச் சரிக்கட்டிவிடலாம்.

சாலையோரப் பலகைகளுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வெளியிட்ட ஐ.ஆர்.சி. 67 என்ற விதிநூல் இருக்கிறது. நடைபாதை ஓரக்கல் இல்லாத சாலையில், தார் ஓரத்திலிருந்து பலகையின் கிட்டத்து ஓரம் 2 முதல் 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பலகையின் அடி விளிம்பு, சாலை நடு மேட்டிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. நான் சொல்வது, ஊர்ப் பலகைக்கு 2.1 மீட்டராகவே வைத்துவிடுங்கள். ஆள் நடந்துபோனால் தலை இடிக்காது, கைக்கு எட்டாததால் போஸ்டர் ஒட்டுவதும் குறையும். பலகையைச் சாலைக்கு நேர் செங்குத்தாக நிறுத்தாமல் 5 டிகிரி வெளிப்புறமாகத் திருப்புங்கள். இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சம் கண்ணாடி போலத் திரும்பி அடித்து எழுத்து மறைந்துவிடும். தூணுக்கு 25 செ.மீ. அகலத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை, தரையோடு ஒட்டிய முதல் பட்டை கறுப்பு. பின்பக்கம் சாம்பல் நிறம்.

வளைவுக்குள் வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் வருகிற லாரி ஓட்டுநரின் கண் அந்த நேரத்தில் சாலையிலும் எதிர் வண்டியிலும்தான் இருக்க வேண்டும். நேராக ஒரு 150 மீட்டராவது கிடைக்கும் இடம் பாருங்கள். ஏற்கெனவே நிற்கிற எச்சரிக்கைப் பலகையை உங்கள் பலகை மறைக்கவும் கூடாது, அதற்கு 50 மீட்டருக்குள் நிற்கவும் கூடாது. நிறம் பச்சையில் வெள்ளை எழுத்து. சிவப்பு வட்டம், முக்கோணம் மாதிரி வடிவம் எதுவும் சேர்க்காதீர்கள். கட்சிக்கொடி நிறமும் வேண்டாம்; ஆட்சி மாறினால் பலகைக்கும் பெயின்ட் மாறும்.

இன்னொன்று. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். பழைய பலகையைப் பார்த்து அப்படியே எழுதச் சொன்னால் “திருநெல்வேலி மாவட்டம்” என்றே வந்து நிற்கும். மாதிரிப் படத்தில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பிவேலை_வள்ளியூர்:

எட்டுக்கு நாலு போதும். காரணம் சொல்கிறேன். ஏ.சி.பி. ஷீட் கடையில் 2440 × 1220 மி.மீ. அளவில்தான் வரும். ரேடியம் ரோலின் அகலமும் 1220 மி.மீ. ஆகவே எட்டுக்கு நாலு பலகையில் ஷீட்டிலும் ஒட்டு இல்லை, ஸ்டிக்கரிலும் ஒட்டு இல்லை. பத்துக்கு ஐந்து என்று போனால் இரண்டிலும் ஒட்டு விழும். அந்த ஒட்டில்தான் தண்ணீர் இறங்கி ஸ்டிக்கர் முதலில் தூக்கும்.

காற்றுக் கணக்கைத் தவறாமல் போடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் மாதிரியே செங்கோட்டைக் கணவாயிலும் தென்மேற்குக் காற்று மலை இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வருகிறது. நம் பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர் என்று எடுப்பார்கள். அழுத்தம் = 0.6 × 39 × 39 = சதுர மீட்டருக்கு சுமார் 913 நியூட்டன். பலகையின் பரப்பு 2.98 சதுர மீட்டர், தட்டைப் பலகைக்கு 1.2 பெருக்கல். மொத்தம் 3265 நியூட்டன், அதாவது 333 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி. இரண்டு தூணுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 166 கிலோ.

அந்த 166 கிலோ தரையிலிருந்து 2.71 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. இரண்டையும் பெருக்கினால் தூண் அடியில் வரும் வளைப்பு 450 கிலோ × மீட்டர். 3 இஞ்ச் ஜி.ஐ. பைப், அதுவும் சிவப்புப் பட்டை போட்ட சி கிளாஸ் என்றாலும், கணக்குக்குக் கொஞ்சம் போதவில்லை. 4 இஞ்ச், நீலப் பட்டை போட்ட பி கிளாஸ் போட்டால் தாராளமாகத் தாங்கும். மஞ்சள் பட்டை ஏ கிளாஸைத் தொடாதீர்கள். உங்கள் பழைய சட்டம் சாய்ந்ததற்குப் பைப்பும் குழியும் இரண்டுமே காரணமாக இருக்கும். ஒன்றரை அடி தோண்டி, கல்லும் மண்ணும் போட்டு இடித்து நட்ட தூண் மழையில் மண் இளகினதும் சாய்ந்துதான் தீரும்.

அஸ்திவாரம் தூணுக்கு ஒன்று: 0.8 × 0.8 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர். ஒரு கட்டியின் எடை 1.8 டன்னுக்கு மேல். காற்று கவிழ்க்கப் பார்ப்பது கட்டியின் அடிமட்டத்தில் 650 கிலோ × மீட்டர். கட்டியின் சொந்த எடையே 730-க்கு மேல் தாங்குகிறது. மண்ணின் உதவியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. உங்கள் இடத்தில் தண்ணீர் நிற்கும் என்பதால் இப்படித்தான் போட வேண்டும். நனைந்த களியை நம்ப முடியாது. இரண்டு குழிக்கும் ஒன்றரை கன மீட்டர் எம்20 கான்கிரீட், சிமெண்ட் 12 முதல் 13 மூட்டை வரும். குழியடியில் 10 செ.மீ.க்குச் சிமெண்ட் குறைவாகப் போட்ட ஒல்லிக் கான்கிரீட். குழியில் ஊற்று இருந்தால் தண்ணீரை இறைத்துவிட்டு உடனே போட வேண்டும். தண்ணீருக்குள் கொட்டினால் சிமெண்ட் பிரிந்து ஜல்லி தனியாக நிற்கும். வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்தால் இந்தத் தொந்தரவு பாதி குறையும்.

தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள். கான்கிரீட்டும் பைப்பும் சேருகிற இடத்தில் தண்ணீர் நின்று, வளையம் போட்ட மாதிரி அங்கேதான் துரு தின்னும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடி அறுந்து விழும். அதற்குப் பதில் 300 × 300 × 16 மி.மீ. அடித்தட்டு, அடி வளைந்த ஜே போல்ட் 20 மி.மீ.யில் நான்கு, நீளம் 600 மி.மீ. தூணுக்கும் தட்டுக்கும் நாலு பக்கமும் முக்கோணத் தாங்குதட்டு வெல்டிங். கட்டியின் தலை தரையைவிட 15 செ.மீ. உயர்ந்து, நாலு பக்கமும் சரிவாக இருக்கட்டும். இதில் இன்னொரு வசதி உண்டு: நாளைக்குச் சாலை அகலமானால் நட்டைக் கழற்றிப் பலகையை முழுசாகத் தூக்கிக்கொள்ளலாம். கான்கிரீட் போடும்போது ஜே போல்ட்டுகளை ஓட்டை போட்ட ஒட்டுப்பலகை அச்சில் மாட்டி நிறுத்துங்கள். கண்மதிப்பில் நட்டால் தட்டு உட்காராது. அப்புறம் கேஸ் கட்டரால் ஓட்டையைப் பெரிசாக்குவார்கள், அதோடு வலு போய்விடும்.

வெல்டிங் எல்லாம் முடித்த பிறகுதான் துத்தநாக முலாம் பூசக் கொடுக்க வேண்டும். ஜி.ஐ. பைப்பை வாங்கி வெல்டிங் பண்ணினால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். தேய்த்துவிட்டு ஜிங்க் ரிச் பிரைமர் இரண்டு கோட். பைப் தலைக்கு மூடி வைத்து வெல்டிங். திறந்த பைப்புக்குள் மழை இறங்கி உள்ளிருந்து அரிக்கும்.

ஷீட் 4 மி.மீ. ஏ.சி.பி., அலுமினியத் தோல் 0.3 மி.மீ.க்குக் குறையாதது. கடை அலங்காரத்துக்கு விற்கிற 3 மி.மீ. மெல்லிய ரகம் காற்றில் படபடத்து ஓட்டையைச் சுற்றிக் கிழியும். 2 மி.மீ. அலுமினியத் தகடு இன்னும் உறுதி, ஆனால் எடைக்கு விலை உண்டு என்பதால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பின்னால் 40 × 40 × 5 ஆங்கிளில் சட்டம், நடுவே இரண்டு குறுக்கு. ஷீட்டுக்கும் ஆங்கிளுக்கும் நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வரும். போல்ட் ஓட்டை போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிசாக இருக்கட்டும், வெயிலுக்கு ஷீட் விரியும். நட்டை முறுக்கிய பிறகு போல்ட் முனையைச் சுத்தியலால் நசுக்கிவிடுங்கள்.

மற்ற ஊர்க்காரர்கள் இதைப் படித்தால்: கரிசலில் இந்த 1.2 மீட்டர் போதாது. சங்கரன்கோவில் பக்கம் கோடையில் வெடிப்பு ஆழமாக இறங்கும். வெடிப்பு முடிகிற மட்டத்துக்குக் கீழே போய், அடியில் மணல் விரித்து, பக்கவாட்டை கிராவலால் நிரப்ப வேண்டும். தோண்டின கரிசலையே திருப்பிப் போட்டால் அது ஊறி உப்பிக் கட்டியைத் தூக்கும். திசையன்விளை, சாத்தான்குளம் செம்மணல் தேரியில் சிக்கல் வேறு: குழி நிற்காது, சரியும். பலகை அடைத்துத்தான் தோண்ட வேண்டும்.

எழுத்துக்கட்டு_தென்காசி:

தூண் விஷயம் அண்ணாச்சி சொன்னபடி. எழுத்துக்கு வருகிறேன். பலகை வைக்கிறது ஊர்ப் பெயருக்காக. அந்தப் பெயர் தெரியாவிட்டால் மற்றது எது நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் ஓடும். ஆங்கிலத்துக்கு 25 மி.மீ. எழுத்துக்கு 9 மீட்டர் தூரம் என்று கணக்கு வைப்பார்கள். தமிழில் சுழியும் வளைவும் அதிகம். ண, ன இரண்டையும் தூரத்தில் பிரித்துப் படிக்க வேண்டும். அதனால் 25 மி.மீ.க்கு ஏழரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உயரம் என்று நான் சொல்வது க, ப மாதிரி எழுத்தின் உடம்பை. மேலே வளைகிற கொம்பும் கீழே இறங்குகிற உகரமும் சேராது. உடம்பு 250 மி.மீ. என்றால் 75 மீட்டரில் படிக்கலாம், நாலரை விநாடி கிடைக்கும். 150 மி.மீ. என்றால் 45 மீட்டர், மூன்று விநாடிக்குக் குறைவு. அதற்குள் நாலு சொல் வாக்கியத்தை யாரும் படிக்கப் போவதில்லை. “ஊராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது” என்பதை விட்டுவிட்டு “நல்வரவு” என்று ஒரே சொல் போடுங்கள். அழகான சொல், இடமும் மிச்சம்.

வரி உயரம் கணக்குப் போடும்போது தமிழுக்கு உடம்பைப் போல 1.6 மடங்கு விடுங்கள். “லி”, “ழு” இரண்டும் ஒரே வரியில் வந்தால் மேலேயும் கீழேயும் இடம் கேட்கும். பலகை உயரம் 1220. மேல்கீழ் ஓரம் 120 போக 1100. அதில் ஊர்ப் பெயர் 250 உடம்புக்கு 400, “நல்வரவு” 150 உடம்புக்கு 240, ஆங்கிலப் பெயர் 140 உயரத்துக்கு 220, மலையாளம் 200. மொத்தம் 1060, 40 மி.மீ. மிச்சம். பெயர் நீளமானால் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். நசுக்கினால் ண-வின் சுழிகள் ஒன்றாக அடைத்துக்கொள்ளும். உடம்பை 220-க்கு இறக்குங்கள். கோட்டுத் தடிமன் உடம்பு உயரத்தில் ஏழில் ஒன்று. இரவில் வெள்ளை எழுத்து பரவித் தெரியும், அதைவிடத் தடித்தால் சுழி மூடிப்போகும்.

எழுத்துப் பிழைக்கு வருவோம். “வரவேற்க்கிறது” என்று நம் மாவட்டத்தில் எத்தனை பலகை நிற்கிறது! ற் வந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு ஒற்று வராது: வரவேற்கிறது, முயற்சி, பயிற்சி. எல்லைப் பலகையில் பிழை நின்றால் வெளியூர்க்காரருக்கு நாம் முதலில் காட்டுவதே அந்தப் பிழைதான். தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகு வெட்டக் கொடுங்கள்.

கடையில் நடக்கிற கோளாறு இன்னொன்று. நீங்கள் வாட்ஸப்பில் அனுப்புவது யூனிகோட். பழைய கோரல்டிரா மென்பொருளில் அதை ஒட்டினால் “கொ” என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிய்ந்து வரும். அதனால் கடைக்காரர் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் திரும்ப அடிப்பார். பிழை நுழைவது அந்த இடத்தில்தான். கேட்க வேண்டியது: அடித்து முடித்ததும் எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றி, அதைப் பி.டி.எஃப். ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துச் சரி சொன்ன பிறகு எழுத்துருவால் மாற முடியாது. மலையாளத்திலும் இதே கதை, சில்லெழுத்துகள் என்கிற தனி மெய்யெழுத்துகள் உடைந்து வட்டப் புள்ளியாக வரும். அந்த வரியை ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து ஆள் யாராவது படித்துப் பார்த்துச் சொல்லட்டும். ஆங்கிலப் பெயருக்குப் பஞ்சாயத்து முத்திரையில் இருக்கிற எழுத்துக்கூட்டையே போடுங்கள். 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வந்து, பிறகு திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பட்டியலைப் பார்த்து அடித்துவிட வேண்டாம்.

பேட்டை_ஸ்டிக்கர்:

ரேடியம் என்று எல்லோரும் சொல்வது ஒளி திருப்பும் ஷீட். சாதாரண இன்ஜினியரிங் கிரேடு மலிவு, ஆனால் இருட்டுச் சாலையில் மங்கல். ஹை இன்டென்சிட்டி பிரிஸ்மாட்டிக், அதாவது டைப் 4, வாங்குங்கள். ரோலில் நிறுவனப் பெயரும் டைப் எண்ணும் பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

அடிக்கடி நடக்கிற தப்பு ஒன்று இருக்கிறது. பச்சை ரேடியத்தை ஒட்டி, அதன்மேல் சாதாரண வெள்ளை வினைல் எழுத்தை ஒட்டிவிடுவார்கள். பகலில் அருமையாக இருக்கும். இரவில் விளக்கு பட்டால் பச்சை ஜொலிக்கும், எழுத்து கறுப்பாக இருண்டு போகும். சரியான முறை இப்படி: பலகை முழுக்க வெள்ளை ரேடியம். அதன்மேல் பச்சை நிறத்தில் ஒளி ஊடுருவும் மேல் ஃபிலிம், இ.சி. ஃபிலிம் என்பார்கள். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் இயந்திரத்தில் அந்த ஃபிலிமில் எழுத்தை வெட்டி உரித்து எடுத்தால் அடியில் உள்ள வெள்ளை ரேடியமே எழுத்தாக நிற்கும். எழுத்தும் ஒளிரும், பின்னணியும் ஒளிரும். எழுத்து தனியாக உரிந்து விழவும் வழியில்லை, ஏனென்றால் எழுத்து என்று தனியாக ஒட்டியதே இல்லை.

ஒட்டும் முன் ஷீட்டின் பாதுகாப்புத் தாளை உரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். தின்னர் வேண்டாம், பிசுக்கை விட்டுவிடும். காற்று வீசும் திறந்த வெளியில் ஒட்டினால் ஒவ்வொரு மணலும் ஒரு கொப்பளம். பிரிஸ்மாட்டிக் ஷீட்டுக்குத் திசை உண்டு. துண்டு ஒன்று நெடுக்காகவும் ஒன்று குறுக்காகவும் ஒட்டினால் இரவில் இரண்டு நிறமாகத் தெரியும். எட்டுக்கு நாலை ஒரே துண்டில் போட்டால் அந்தக் கவலையே இல்லை.

ஒட்டி முடித்ததும் இரவு ஒருமுறை, பலகையைச் சுவரில் சாய்த்து, 50 மீட்டர் தள்ளி நின்று, கண்ணுக்குப் பக்கத்தில் டார்ச் பிடித்துப் பாருங்கள். டார்ச்சை இடுப்பில் பிடித்தால் வெளிச்சம் கண்ணுக்குத் திரும்பாது. பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

புளியரைப் பக்கம் ஈரம் அதிகம், மரநிழலில் பாசி பிடிக்கும். சித்திரையில் ஒரு தடவை, கார்த்திகை மழை ஓய்ந்து ஒரு தடவை சோப்புத் தண்ணீரும் பஞ்சும் வைத்துக் கழுவினால் போதும். போஸ்டர் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் மைதாப் பசையை ஊறவிட்டு உரியுங்கள். கத்தியால் சுரண்டினால் மேல் ஃபிலிம் போய்விடும்.

ஊர்ப்பொது_புளியரை:

ரொம்ப நன்றி அண்ணாச்சிமார்களே. இன்னும் இரண்டு கேள்வி. பலகைக்குப் பதில் வளைவே கட்டிவிடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்புறம், நன்கொடை கொடுக்கிறவர்கள் பெயர் பலகையில் வர வேண்டும் என்கிறார்கள். எங்கே போடுவது?

சாலைக்கணக்கு_நெல்லை:

தேசிய நெடுஞ்சாலைக்குக் குறுக்கே வளைவு வேண்டாம். சாலைக்கு மேல் எது போனாலும் 5.5 மீட்டர் தெளிவு வேண்டும். மரமும் வைக்கோலும் ஏற்றின லாரி போகிற வழி அது. அகலப்படுத்தும் அன்றைக்கு முதலில் இடிபடுவதும் வளைவுதான். ஊருக்குள் பிரிகிற ஊராட்சிச் சாலையில் கட்டலாம். அங்கேயும் சப்பரம் போகிற உயரம், மின்கம்பி, தீயணைப்பு வண்டி மூன்றையும் அளந்த பிறகே தூண் இடத்தைக் குறிக்க வேண்டும். திருவிதாங்கூரின் சங்கு முத்திரை தாங்கிய வளைவு செங்கோட்டையில் நின்றது என்றால், அந்த ஊர் முன்பு அந்த ராஜ்யத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததுதான் காரணம். அது கல்லும் சுண்ணாம்பும், கனத்திலேயே நிற்கிற கட்டடம். இப்போது ஆங்கிளும் ஷீட்டும் வைத்துக் கட்டுவது காற்றுக்கு விரித்த பாய் மாதிரி. கம்பிவேலை அண்ணாச்சி போட்ட கணக்கு அதற்குப் பல மடங்கு ஆகும், கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் தொடக் கூடாது.

எழுத்துக்கட்டு_தென்காசி:

உபயம் போடுவது நம் ஊர் வழக்கம், குறைசொல்ல மாட்டேன். ஆனால் பலகையின் முகத்தில் வேண்டாம். உபயதாரர் பெயர் ஐந்து வந்தால் ஊர்ப் பெயர் அந்த அளவுக்குச் சுருங்கும். அஸ்திவாரக் கட்டியை ஒட்டி, வயல் பக்கமாக, ஒன்றரைக்கு இரண்டடியில் சின்னத் திண்ணை கட்டி, கறுப்பு கிரானைட்டில் பெயர்களைச் செதுக்கிப் பதியுங்கள். நடந்து போகிறவர் நின்று படிப்பார். கல்லில் வெட்டினது ஸ்டிக்கரைவிட நெடுங்காலம் இருக்கும், கொடுத்தவர்களும் அதைத்தான் விரும்புவார்கள்.

பின்பக்கம் எழுதுவதாக இருந்தால் “நன்றி, மீண்டும் வருக” என்று போட ஆசை வரும். எதிர்த்திசையில் போகிறவருக்கு அது சாலையின் வலப்பக்கம், இன்னும் தூரத்தில் தெரியும். அதனால் ஒரே வரி, 200 மி.மீ. உடம்பு. அங்கேயும் இரவில் தெரிய வேண்டும் என்றால் பின்சட்டத்தின்மேல் தனி ஷீட் அடிக்க வேண்டும். அப்போது தூணுக்கு எடை கூடும், காற்றுப் பரப்பு அதிகமாகாது.

கம்பிவேலை_வள்ளியூர்:

ஆமாம், 4 இஞ்ச் பைப் அதைத் தாங்கும். இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் மழைத் தண்ணீர் தங்காமல் கீழ் விளிம்பில் 10 மி.மீ. ஓட்டை ஆறு போட்டுவிடுங்கள். குளவி கூடு கட்டும், ஓட்டைக்குக் கொசுவலை ஒட்டிவிடுங்கள். கட்டி போட்டு 7 நாள் சாக்கு நனைத்து வையுங்கள், 14 நாள் கழித்துத் தூணை ஏற்றுங்கள்.